காரணம் சொல்ல ஊரே வந்தது

மாயவரத்து அக்கா:
தம்பிக்கு மனநோய் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் படிக்கும்போதுதான் ஆரம்பிச்சது. ராத்திரி பூரா தூங்க மாட்டான். ஃபேன் ரெகுலேட்டருக்குள்ள இருந்து யாரோ ஒட்டுக் கேக்கறாங்கன்னு ஸ்க்ரூ டிரைவரை வெச்சுக் கழட்டி, ஒயரை மட்டும் தொங்க விட்டிருந்தான். அதுக்கப்புறம் எங்க வீட்டுக்கு வந்த ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு காரணம் இருந்தது. பெரியப்பா வீட்டுக்கும் எங்களுக்கும் வரப்புத் தகராறு, அதனால செய்வினைன்னு ஒரு சாமியாடி சொன்னார். ஜோசியர் ஏழரைச் சனின்னார். காதல் தோல்வின்னு அத்தை முடிவே கட்டிட்டாங்க.

குணசீலம் பெருமாள் கோயில்ல ஒரு மண்டலம் தங்க வெச்சோம். உச்சிகாலத்துலயும் அர்த்தஜாமத்துலயும் முகத்துல தீர்த்தம் அடிப்பாங்க. அங்க யாரும் அவனை முறைச்சுப் பாக்கலை, நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குப் படுக்கை. கொஞ்சம் அமைதியாத்தான் இருந்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனா குரல் கேக்கறது நிக்கலை. அப்புறம்தான் மனநல டாக்டர், மனச்சிதைவுன்னு (ஸ்கிசோஃப்ரினியா) சொன்னார்.

அங்கயும் தப்பிக்கலை பாருங்க. கவுன்சலிங் பண்ண ஒருத்தர் அம்மாவை உக்கார வெச்சு, "சின்ன வயசுல அடிப்பீங்களா, ரொம்பப் பொத்திப் பொத்தி வளர்த்தீங்களா"ன்னு ரெண்டையும் ஒரே மூச்சுல கேட்டார். அடிச்சாலும் அம்மா, பொத்தினாலும் அம்மா! அம்மா வெளிய வந்து பெஞ்சுல உக்காந்து, அவனுக்கு எந்த வயசுல என்ன அடி குடுத்தோம்னு விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சுட்டாங்க.

ஓய்வு பெற்ற செவிலியர்:
அம்மா, அந்தக் கேள்வி பழைய சரக்கு. 1948-ல ஃப்ரீடா ஃப்ரோம் ரைக்மான்ங்கிற மனநல மருத்துவர் அமெரிக்காவுல எழுதினது. தாயோட நடத்தைதான் மனச்சிதைவை உண்டாக்குதுன்னு முப்பது வருஷம் போல அங்க தாய்மாரைப் படுத்தி எடுத்தாங்க. ஆராய்ச்சியில நிக்கலை. வீட்டுல ஓயாத சண்டை, குத்தல் பேச்சு இருந்தா குணமானவருக்குத் திரும்ப வரும்ங்கிறது மட்டும் உண்மை. வியாதிக்கு அதுதான் வேருன்னு சொல்றது வேற.

நான் வார்டுல பாத்த ஒண்ணு சொல்றேன். ஒரு காலேஜ் பொண்ணு. ரெண்டு நாள் காய்ச்சல், தலைவலி, அப்புறம் கண்டபடி பேச்சு, சிரிப்பு, வாயை மென்னுக்கிட்டே இருக்கும். வேப்பிலை அடிச்சு, முதுகெல்லாம் கீறலோட கொண்டு வந்தாங்க. வலிப்பு வந்ததும் பெரிய டாக்டருக்குச் சந்தேகம். முதுகுத்தண்டு நீரை எடுத்து அனுப்பினார். உடம்போட எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குற வியாதி, சினைப்பையில ஒரு கட்டி. கட்டியை எடுத்து, ஸ்டீராய்டு குடுத்தாங்க. மாசக்கணக்குல ஆச்சு, ஆனா அந்தப் பொண்ணு திரும்பப் படிக்கப் போச்சு. அந்த வியாதியை உலகம் சரியா அடையாளம் கண்டதே 2007-லதான். அதுக்கு முன்னாடி இப்படி எத்தனை பேருக்குப் பேய்னும், எத்தனை பேருக்கு வெறும் மனநோய்னும் சீட்டு எழுதினோமோ.

முன்னாடியும் இப்படி நடந்திருக்கு. நூறு வருஷத்துக்கு முன்ன ஐரோப்பா மனநல ஆஸ்பத்திரிகள்ல நிறையக் கட்டில் மேகநோய் (சிபிலிஸ்) மூளைக்கு ஏறினவங்களோடது. ஒழுக்கக்கேடு, பரம்பரை பலவீனம்னு என்னென்னவோ சொன்னாங்க. 1913-ல நொகுச்சியும் மூரும் இறந்தவங்க மூளையில அந்தக் கிருமியைக் காட்டினதும் வாய் அடைஞ்சது. அதுக்காக எல்லா மனநோய்க்கும் ஒரு கிருமி கிடைக்கும்னு நான் சொல்லலை. புதுசா இப்படி ஆரம்பிச்சா தைராய்டு, பி12 உட்பட ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க. அவ்வளவுதான்.

ராம்நாடுக்காரன்:
எங்க பக்கம் ஏர்வாடி தர்கா, மனநோய்க்காரங்களைக் கொண்டு வந்து தங்க வைக்கிற இடம். என் சித்தப்பா அங்க இருந்தார். கனவுல உத்தரவு வந்தாத்தான் திரும்பணும்னு பாட்டி சொல்லிட்டாங்க. 2001 ஆகஸ்ட் 6 விடியக்காலை ஓலைக் கொட்டகை தீப்பிடிச்சு, சங்கிலியில கட்டியிருந்த 28 பேர் எரிஞ்சு செத்தாங்க. சித்தப்பா அப்ப வேற இடத்துல இருந்ததால பிழைச்சார். தர்காவைக் குறை சொல்லலை, இன்னிக்கும் பாட்டி போறாங்க. மாத்திரையும் போகுது, துஆவும் போகுது. சங்கிலி போடக் கூடாதுன்னு 2017 மனநலச் சட்டத்துலயே எழுதியிருக்கு.

மாத்திரைக்காரன்:
வியாதி எனக்குத்தான் (பைபோலார், மனசு ஒரு சமயம் எல்லை மீறித் துள்ளும், ஒரு சமயம் அடியோட சுருண்டுடும்). மூளையில ரசாயனம் குறைஞ்சிடுச்சு, சர்க்கரைக்கு இன்சுலின் மாதிரின்னு டாக்டர் சொன்னப்ப நிம்மதியா இருந்தது, யார் மேலயும் பழி இல்லையேன்னு. அப்புறம் படிச்சா, விஷயம் அவ்வளவு நேர்கோடு இல்லை. குளோர்புரோமசின் 1952-ல பாரிஸ்ல மனநோய்க்குக் குடுத்துப் பாத்து வேலை செஞ்ச மருந்து. அது டோபமின்ங்கிற மூளை ரசாயனம் வழியா வேலை செய்யுதுன்னு பிற்பாடுதான் புரிஞ்சது. அதாவது மருந்து முன்னாடி, விளக்கம் பின்னாடி. விளக்கம் பாதிதான் சரின்னாலும் நான் சாப்பிடற லித்தியம் மாத்திரையை நிறுத்தப் போறதில்லை. நிறுத்தினா என் வீட்டுல என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும்.

மாயவரத்து அக்கா:
செவிலியர் சார், அம்மாக்கிட்ட நீங்க எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். "அப்படியா சொல்றார்"னு ரெண்டாவது தடவையும் படிக்கச் சொன்னாங்க.

இப்ப புதுசா ஒரு சிக்கல். என் பொண்ணுக்கு வரன் வந்திருக்கு. "தாய்மாமனுக்கு இருக்காமே, ரத்தத்துல வருமே"ன்னு கேட்டு விட்டிருக்காங்க. டாக்டர் சொன்ன கணக்கு: ஊர்ல பொதுவா நூத்துக்கு ஒருத்தர். தாய்மாமனுக்கு இருந்தா நூத்துக்கு மூணு நாலு பேர். ஒரே கரு இரட்டையர்ல ஒருத்தருக்கு இருந்தாலே மத்தவருக்கு வர்றது பாதிக்கும் குறைவுதானாம். பிரசவச் சிக்கல், சின்ன வயசுலேயே கஞ்சா, பட்ட அடி இதெல்லாமும் சேரணுமாம். இதை அவங்க வீட்டுல யார்கிட்ட போய் விளக்குறது? அவங்க கேட்டது ஒண்ணுதான்: நிச்சயதார்த்தத்துக்கு மாமனைக் கூப்பிடாம இருக்க முடியுமா?

பொண்ணு, மாமா சீர்த்தட்டு தூக்கலைன்னா நிச்சயமே வேண்டாங்கறா. தம்பி ஏற்கெனவே வேட்டி எடுத்து வெச்சுட்டான். இப்படி யாராவது சமாளிச்சிருந்தா, என்ன பேசினீங்கன்னு எழுதுங்களேன். வெள்ளிக்கிழமை அவங்க வர்றாங்க.