இரு மாதத்துக்கு ஒரு பில்: வெயில் தாங்கும் வீட்டின் கணக்கு

வெள்ளையட்டை:
நிழல்விரும்பி அவர்கள் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பொறுத்திருந்தேன். மூன்றாம் நாள் முடியவில்லை. திருமங்கலத்தில் தாம் கட்டிய 1,200 சதுர அடி வீட்டில் நடுவில் வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டுச் சுவர், மொட்டைமாடிக்கு வெள்ளைக் கூலிங் டைல்ஸ், மேற்கு ஜன்னல்களுக்கு ஆழமான சன்ஷேடு என்று 2,40,000 ரூபாய் கூடுதலாகச் செலவழித்ததாகவும், கரண்ட் பில்லில் 2,000 ரூபாய் குறைவதால் பத்தே ஆண்டுகளில் அத்தனையும் திரும்பிவிடும் என்றும் எழுதியிருந்தார். தமிழ்நாட்டில் வீட்டு மீட்டரை இரு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். முப்பத்தோராண்டு வீடு வீடாக ஏறி இறங்கி வெள்ளை அட்டையில் எழுதிய கை இது. ஆண்டுக்கு ஆறு பில், ஆக 12,000 ரூபாய். பத்து ஆண்டுகள் அல்ல, இருபது. பன்னிரண்டால் பெருக்கச் சொல்லிக் கொடுத்தவர் யார்?

நிழல்விரும்பி:
ஐயா, நான் குறிப்பிட்டது கோடைக்காலச் சராசரி. அதைவிட முக்கியமானது வேறு. பழைய வாடகை வீட்டில் இரவு பதினொரு மணிக்கு மேற்குச் சுவரில் கை வைத்தால், அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் ஆன தோசைக்கல் போல் இருக்கும். கான்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை விடியும் வரை எங்கள் தலைமேல் கக்கிக்கொண்டிருக்கும். இப்போது ஏசியைப் பத்து மணிக்குப் போட்டுப் பன்னிரண்டுக்கு அணைத்துவிடுகிறோம். அந்தத் தூக்கத்துக்கு எந்த மீட்டரில் கணக்கு?

வெள்ளையட்டை:
தூக்கத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. கோடைக்காலச் சராசரி என்றால் கார்த்திகையிலும் மார்கழியிலும் 2,000 ரூபாய் குறையாது; அப்படியானால் பன்னிரண்டும் தவறு, என் ஆறும் தங்களுக்குக் காட்டிய சலுகை. மாதமா, இரு மாதமா? ஒரே சொல்லில் பதில் வேண்டும்.

மேஸ்திரிமகன்:
எனக்கு வேறொரு சந்தேகம். எலிப்பொறிக் கட்டில் செங்கலைக் குத்துக்கல்லாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவதால், அதே ஒன்பது அங்குலச் சுவருக்குச் செங்கல் ஏறக்குறைய கால் பங்கு குறையும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் அதைப் பரப்பியதே செலவைக் குறைக்கத்தான். செலவு குறையும் முறையில் இவருக்குக் கூடியது எப்படி? நாட்டுச் செங்கல் வாங்கியிருப்பார். அளவு ஒன்றுக்கொன்று ஒவ்வாமல், கொத்தனார் பாதி நேரம் கல்லைப் பொறுக்கிக்கொண்டு நின்றிருப்பார். என் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரே அளவில் வரும் சேம்பர் செங்கல் வாங்கச் சொல்லியிருப்பார்.

நிழல்விரும்பி:
தங்கள் தந்தையாரின் கைவண்ணத்தை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் ஐப்பசி தோறும் கூடத்தில் வாளி வைக்கிறார்கள்.

மேஸ்திரிமகன்:
அந்த வீட்டுக்காரர் தளத்தின் மேல் நீர் இறங்காமல் காக்கும் சுருக்கி போடக் காசில்லை என்று வெறும் தளத்தோடு நிறுத்திவிட்டார். ஒழுகினால் கொத்தனார் மேல் பழி. ஒழுகாவிட்டால் இன்ஜினியருக்குப் புகழ். சுவரில் பேசத் தொடங்கி அப்பனில் முடிப்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

பொள்ளாச்சிக்காரி:
இத்தனை இலட்சம் எதற்கு என்றே எனக்குப் புரியவில்லை. மாடி வீட்டில் வெயில் இறங்குவது பெரும்பாலும் தளத்தின் வழியாகத்தான். மாசி முடியும்போது சுண்ணாம்போடு பெவிகால் கலந்து தளத்தில் இரண்டு கை அடித்துவிடுகிறோம். சில ஆயிரத்தில் வேலை முடிகிறது.

நிழல்விரும்பி:
அம்மா, அது இரண்டு மழைக்குத் தாங்குமா? ஆண்டுதோறும் ஆள் பிடித்து அடிக்கும் கூலியையும் இருபது ஆண்டுக்குக் கூட்டிப் பாருங்கள்.

வெள்ளையட்டை:
கூட்டல், பெருக்கல் பற்றித் தாங்கள் பேசுவதுதான் வேடிக்கை. சென்ற ஆண்டு கூரைச் சோலார் பற்றிய பேச்சிலும், 3 கிலோவாட்டுக்குச் சேர்த்துக் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியத்தைக் கிலோவாட்டுக்கு 78,000 என்று எழுதினீர்கள், திருத்தியவன் நான். அன்றும் நன்றி சொல்லவில்லை. மாதமா, இரு மாதமா?

நிழல்விரும்பி:
அது தட்டச்சுப் பிழை என்று அன்றே எழுதினேன். ஒருவர் ஓய்வு பெற்ற பிறகும் கணக்கெடுப்பை விடமாட்டேன் என்றால் நான் என்ன செய்ய முடியும்?

தென்றல்வாசல்:
இருவரும் ஒன்றை மறக்கிறீர்கள். யூனிட் ஏற ஏற விகிதமும் ஏறுகிறது. இரு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டுகிறவர் குறைக்கும் முதல் யூனிட்டுகள் எல்லாம் விலை கூடிய மேல்படியில் இருந்துதான் குறையும். ஆகவே இரண்டு ஏசி ஓடும் வீட்டுக்கு இந்தச் செலவு தகும். மின்விசிறி மட்டும் ஓடும் சிறு வீட்டுக்கு, முதல் 100 யூனிட் இலவசமும் சேரும்போது, தகாது. விடையைச் சொல்ல வேண்டியது வீடல்ல, ஏசியின் எண்ணிக்கை.

வெள்ளையட்டை:
படிகள் எனக்குத் தெரியாதவை அல்ல, தம்பி. அவற்றை அட்டையில் எழுதியவனே நான். ஆனால் தாங்களே "இரு மாதத்தில்" என்று எழுதிவிட்டீர்கள் பாருங்கள், அந்த இரண்டு சொற்களைத்தான் அவர் வாயிலிருந்து கேட்கக் காத்திருக்கிறேன். மீட்டர் பெட்டிக்குள் வெள்ளை அட்டை செருகியிருக்கும். வீடு கட்டியபின் எழுதிய ஆறு வரிகளைப் படமெடுத்துப் போடட்டும்.

நிழல்விரும்பி:
எங்கள் வீட்டில் அட்டை இல்லை. கைப்பேசிக்குச் செய்தியாகத்தான் வருகிறது.

வெள்ளையட்டை:
எத்தனை மாதத்துக்கு ஒரு முறை வருகிறது?