பதினாறு வயசுக்குக் கீழே எடுக்கமாட்டினம்: இலங்கைத் தென்கரை ஹோட்டல் அனுபவங்கள் (கொழும்புப் பக்கத்தில் இருக்கிற மூன்று பேர் சொன்னவை)

வெள்ளவத்தை அக்கா

போன மார்ச், பெந்தோட்டைப் பக்கம். பெரியாக்கள் மட்டும் தங்கிற ஹோட்டல், சாப்பாடு குடிவகை எல்லாம் அடக்கம். கலியாணம் கட்டிப் பத்து வருஷம் எண்டு பிள்ளையளை அம்மாவிட்ட விட்டுட்டுப் போனனாங்கள். அறை, கடல், சாப்பாடு ஒண்டிலயும் குறை சொல்ல ஏலாது.

ரிசெப்ஷனில கையில பட்டியைக் கட்டி, செவ்விளநீர் தந்தவை. எங்களுக்குப் பின்னால ஒரு தாய் தகப்பன், ஏழெட்டு வயசில ஒரு பெட்டை. அவளின்ர கையில மணல் அள்ளுற வாளி. பதினாறு வயசுக்குக் கீழே எடுக்கிறேல்லை எண்டு அங்க நிண்ட பெடியன் மரியாதையாத்தான் இங்கிலிஷில சொன்னவன். தகப்பன் ஃபோனைத் திருப்பித் திருப்பிக் காட்டுறார், காசு முழுக்கக் கட்டியாச்சாம். வவுனியாவில இருந்து விடியமுதல் வெளிக்கிட்டு வந்தவையாம். பெட்டை அவரின்ர சேர்ட்டைப் பிடிச்சு இழுத்து, "அப்பா, நான் சத்தம் போடமாட்டன் எண்டு சொல்லுங்கோ" எண்டாள். அந்த மேசையில நிண்ட ஒருத்தருக்கும் தமிழ் விளங்கேல்லை. எனக்கு விளங்கினது. இளநீரைப் பிடிச்சபடி பார்த்துக்கொண்டு நிண்டன்.

கொட்டாஞ்சேனை

அக்கா, கோபிக்க வேண்டாம். பிழை புக் பண்ணினவருடையது. அமைதிக்காகத்தான் அவ்வளவு காசு கொடுத்துப் போகிறோம். ஒரு பிள்ளையை விட்டால் அடுத்த குடும்பத்தை எப்படி மறிப்பது?

என்னுடையது வேறு கதை. கனடாவுக்குத் திரும்பிப் போகிற நண்பனுக்காக நான்கு பேர் போனோம். திகதியை நான்தான் பார்த்தேன், புத்தரின் வெசாக் பண்டிகை என்பதைப் பார்க்கவில்லை. போயா என்கிற அந்தப் பௌர்ணமி நாளும் அடுத்த நாளும் பார் பூட்டு. நாங்கள் நின்றதே அந்த இரண்டு நாள்தான். அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரவு ஹோட்டல் பெடியள் கட்டின வெசாக் விளக்குக் கூடுகளுக்குக் கீழே பிளேன் டீ குடித்துக்கொண்டு, தன் அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றிச் சொன்னான். பத்து வருஷமாக அதை எங்களிடம் சொன்னதில்லை.

தெஹிவளை

நாங்கள் ஜூலையில் போனோம். சிவப்புக் கொடி. மூன்று நாளும் கடலில் கால் வைக்க விடவில்லை. வீட்டுக்காரி பல்கனியில் இருந்து அலையையே பார்த்துக்கொண்டிருந்தா. அவ்வளவுதான்.

இனிப் போகிறவர்கள் கவனியுங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, இந்தப் பக்கக் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் கிழக்குக் கரைக்கு, பாசிக்குடா, நிலாவெளிக்குப் போங்கள், அங்கே கடல் குளம் மாதிரி. நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் பெந்தோட்டை, பேருவளை. அடையாள அட்டையை மறக்க வேண்டாம், உள்ளூர்க்காரருக்கான விலைக்குக் கேட்பார்கள். "எல்லாம் அடக்கம்" என்றால் எதெல்லாம் என்று எழுத்தில் கேளுங்கள்: வெளிநாட்டுக் குடிவகை, ஸ்பா, ஆற்றில் படகுச் சவாரி பல இடங்களில் தனிக் காசு. எங்களைப் போலக் குடிக்காதவர்களுக்கு அந்தப் பக்கேஜே நட்டம், காலையும் இரவும் மட்டும் சாப்பாடு உள்ள ஹாஃப் போர்ட் போதும். ஹலாலா என்று முதல் நாளே சமையல்காரரிடம் நேரே கேளுங்கள், வெயிட்டரிடம் கேட்டால் தலையைத் தலையை ஆட்டுவார். வாகனத்தில் போனால் அதிவேகப் பாதையில் வெலிப்பன்னவில் இறங்குங்கள். ரயில் என்றால் அளுத்கம, அங்கிருந்து ஓட்டோ. கொழும்பில் இருந்து போகும்போது இந்தக் கரையோர ரயிலில் வலது பக்க யன்னலைப் பிடியுங்கள், கடல் கூடவே வரும்.

வெள்ளவத்தை அக்கா

கொட்டாஞ்சேனைத் தம்பி, சட்டம் பிழை எண்டு நான் சொல்லேல்லை. அந்தப் பெடியனிலயும் பிழையில்லை. அதே றோட்டில கொஞ்சம் தள்ளி, பிள்ளையளை எடுக்கிற ஹோட்டல் ஒண்டு இருக்கு. முந்தின வருஷம் என்ர ரெண்டு பேரோடயும் அங்கதான் நிண்டனாங்கள். நம்பர் என்ர ஃபோனில இருந்தது. அவையள் வானில ஏறிக் கதவைச் சாத்திற வரைக்கும் எனக்கு அது நினைவுக்கே வரேல்லை.