நீலப் புள்ளியை நம்பிப் போய் நின்ற இடம்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

விவேக்நகர்க்காரன்

சாவன்துர்கா பெங்களூருவில் இருக்கிற எல்லாரும் ஒரு தடவையாவது போயிருப்பீர்கள், அதனால் மலையைப் பற்றி அளக்கப் போவதில்லை. போன ஜனவரியில் நானும் மச்சானும் போனோம். லேட்டாகக் கிளம்பி, லேட்டாக ஏறி, உச்சியில் நந்தி பக்கத்தில் உட்கார்ந்து மஞ்சனபெலே அணையைப் பார்த்துக்கொண்டே புளியோதரையைக் காலி செய்துவிட்டு இறங்க ஆரம்பித்தபோது மணி 5.45. பாறையில் வரைந்திருக்கும் வெள்ளை அம்புக்குறிகள் ஏறும்போது கண்ணில் படுகிற மாதிரி இறங்கும்போது படுவதில்லை, அதுவும் வெளிச்சம் மங்கிய பிறகு. ஒரு கட்டத்தில் அம்பே இல்லை.

மச்சான் போனை எடுத்தான். மேப்பில் எங்கள் நீலப் புள்ளி, அதிலிருந்து குட்டிக் குட்டிப் புள்ளிகளாக ஒரு நேர்கோடு, கோடு முடிகிற இடத்தில் கார் நிற்கிற ரோடு. 350 மீட்டர், 5 நிமிடம். கீழே குனிந்து பார்த்தால் கார் நிஜமாகவே தெரிகிறது, தீப்பெட்டி சைஸில். அந்தப் பக்கமே இறங்கினோம். அந்தப் பாறை எப்படி என்றால் யானை முதுகு மாதிரி, முதலில் சும்மா சாய்வாகத்தான் இருக்கும், எந்த இடத்தில் சாய்வு முடிந்து செங்குத்து ஆகிறது என்று மேலே நிற்கிறவனுக்குத் தெரியவே தெரியாது. ஷூ ஒரு தடவை வழுக்கியது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், "ஆ கடெ ஹோகபேடி!" அந்தப் பக்கம் போகாதே என்று. ஆடு மேய்க்கிற பெரியவர், கையில் கம்பு, தோளில் கம்பளி.

என்னை இன்றைக்கும் உறுத்துவது இதற்கு அடுத்து நடந்ததுதான். அவர் சொன்னதைக் கேட்டுத் திரும்பாமல், நான் மேலே ஏறிப் போய் அவரிடம் போனைக் காட்டினேன். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் "நோடி, ஐது நிமிஷ", பாருங்க, அஞ்சு நிமிஷம் என்று வாதம் வேறு. அவர் போனை இரண்டு கையாலும் வாங்கி ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். அசந்துவிட்டார் என்று நினைத்தேன். நிமிர்ந்து கேட்டார்: "இதரல்லி நன்ன மேகெ எல்லிதெ?" இதில் என் ஆடு எங்கே இருக்கிறது? மத்தியானத்திலிருந்து அவருடைய ஆடு ஒன்றைக் காணோமாம். மச்சான் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அப்புறம் எங்களை வேறு பக்கமாக முக்கால் மணி நேரம் நடத்திக் கூட்டிவந்து, அம்புக்குறி இருக்கிற இடத்தில் விட்டுவிட்டு, இருட்டில் திரும்ப மேலே ஏறிப் போனார். டார்ச் கிடையாது. 200 ரூபாய் நீட்டினேன், வாங்கவில்லை. மறுநாள் வீட்டில் உட்கார்ந்து சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாங்கள் நின்ற இடத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் சுவர் மாதிரிப் பாறை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஓசூர்ரோடு ராணி

எங்களுக்கு மலை இல்லை, ரோடுதான். ஊட்டியிலிருந்து பெங்களூரு திரும்புகிறோம், நான், வீட்டுக்காரர், பின் சீட்டில் பொண்ணு. பந்திப்பூர், முதுமலை ரோடு இரவு 9 மணிக்கு மூடிவிடுவார்கள், காலை 6க்குத்தான் திறப்பார்கள், இது எங்களுக்கும் தெரியும். ஆனால் சாயங்காலம் 6.15க்குக் கிளம்பினால் போதும் என்று மேப் சொன்னது. கல்லட்டி வழியாகப் போனால் முதுமலைக்குள் இருக்கிற தெப்பக்காடு 36 கிலோமீட்டர்தானே, தாராளமாகப் போய்விடலாம் என்று கணக்கு.

தலைக்குந்தாவில் போலீஸ் கையைக் காட்டி நிறுத்தினார். நம்பர் பிளேட்டைப் பார்த்தார், "கேஏவா? கல்லட்டி இறக்கத்துல வெளியூர் வண்டி விட மாட்டோம், கூடலூர் சுத்திப் போங்க." அப்படிச் சுற்றினால் 67 கிலோமீட்டர். 36 கொண்டை ஊசி வளைவில் பிரேக் சூடாகி எத்தனை வண்டி கவிழ்ந்திருக்கிறது என்று அவரே சொன்னார், அதனால் அவர் மேல் கோபம் இல்லை. நடுவட்டம் தாண்டிப் பொண்ணு இரண்டு தடவை வாந்தி, முன்னால் ஒரு டூரிஸ்ட் பஸ் வழியே விடவில்லை.

முதுமலைக் காடு தொடங்குகிற தொரப்பள்ளி செக்போஸ்ட் போய்ச் சேரும்போது மணி 9.05. தடுப்புக் கட்டையை அப்போதுதான் இறக்கியிருந்தார்கள். அந்த நேரத்தில் போனைப் பார்க்கிறேன், மேப்பில் அந்தக் கட்டையைத் தாண்டி பெங்களூரு வரைக்கும் பளிச்சென்று நீலக்கோடு, நெரிசல் சுத்தமாக இல்லையாம்! இருக்காதே, ஆம்புலன்ஸும் ஒன்றிரண்டு அரசு பஸ்ஸும் தவிர யாரையும் விட மாட்டார்களே, எங்கிருந்து நெரிசல் வரும்? கூடலூரில் ரூம் கிடைக்காமல் ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டிக்குள்ளேயே விடிந்தது. வீட்டுக்காரர் இன்றைக்கும் "பஸ்ஸை ஓவர்டேக் பண்ணியிருக்கலாம்" என்கிறார். நான் பதில் சொல்வதில்லை.

உயரக்கோடு

எனக்கும் ஒரு தடவை ஸ்கந்தகிரியில் பனி மூட்டத்தில் வழி தவறியது, அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன், பெரிய விஷயமில்லை. ஆனால் மேலே எழுதியிருப்பதைப் படித்தால் மேப் பொய் சொன்ன மாதிரி இருக்கிறது, அதைச் சரிசெய்ய வேண்டும்.

விவேக்நகர் சார், அந்தக் குட்டிப் புள்ளிகள் பாதை கிடையாது. "இங்கே எனக்கு எந்த வழியும் தெரியாது, பக்கத்து ரோடு அந்தத் திசையில் இருக்கிறது" என்று அர்த்தம், அவ்வளவுதான். 5 நிமிடம் என்பது சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கிற கணக்கு. 1892ல் நெய்ஸ்மித் என்று ஒரு ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன விதியிலேயே ஏற்றத்துக்குத் தனியாக நேரம் சேர்க்கிறார், கிட்டத்தட்ட 600 மீட்டர் உயரத்துக்கு ஒரு மணி. உங்கள் போன் அன்றைக்கு உயரத்தைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

மலைக்குப் போகிறவர்கள் சமஉயரக் கோடு, அதாவது ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களை இணைக்கிற கோடு, போட்ட மேப் வைத்துக்கொள்ளுங்கள். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை வைத்து ஓடுகிற ஓஸ்ம்ஆண்ட், ஆர்கானிக் மேப்ஸ் மாதிரி ஆப்களில் வீட்டு வைஃபையிலேயே கர்நாடகா முழுக்க இறக்கிக்கொள்ளலாம். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாள்களையும் அவர்கள் தளத்தில் இலவசமாக எடுக்கலாம். அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது 500 மீட்டர், அதாவது உங்கள் 350 மீட்டர் வெறும் 7 மில்லிமீட்டர். அந்த 7 மில்லிமீட்டருக்குள் கோடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தால் அங்கே செங்குத்து, காலை வைக்கக் கூடாது என்று அர்த்தம். ஆப்களில் வருகிற கோட்டையும் முழுசாக நம்ப வேண்டாம். பல ஆப்களில் அது 2000ல் எண்டவர் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் வைத்து அளந்த தரவு, 30 மீட்டருக்கு ஒரு உயரம்தான் இருக்கும், நடுவில் இருக்கிற பாறை வெட்டு சரிவாக மழுங்கிப்போகும்.

அடுத்து பேட்டரி. டவர் இல்லாத காட்டில் போன் டவரைத் தேடியே செத்துப்போகும், ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும், ஏனென்றால் போன் எதையும் அனுப்புவதில்லை, 20,200 கிலோமீட்டர் மேலேயிருந்து வருகிற சிக்னலை வாங்கிக்கொள்கிறது, 4 செயற்கைக்கோள் கிடைத்தால் போதும். டேட்டா இல்லாமல் முதல் தடவை இடத்தைப் பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும், அதனால் அடிவாரத்திலேயே ஆன் செய்துவிட்டு ஏறுங்கள். ஏறும்போதே டிராக் பதிவு பண்ணுங்கள், இறங்கும்போது அதே கோட்டைப் பிடித்து வந்தால் அம்புக்குறியே தேவையில்லை. பவர் பேங்க்

உயரக்கோடு

கை பட்டு அனுப்பிவிட்டது. பவர் பேங்க் குறைந்தது 10,000 எம்ஏஎச். ராணி மேடம், நீங்கள் ஊட்டியில் 4 மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும்.

ஓசூர்ரோடு ராணி

நன்றி சார். அடுத்த தடவை உங்களைக் கேட்டுவிட்டுக் கிளம்புகிறோம்.

மஞ்சள்போர்டு

நான் டாக்ஸி ஓட்டுகிறவன், கேஜிஎஃப் சொந்த ஊர், பெங்களூருவில் 14 வருசம். உயரக்கோடு சாருக்கு ஒன்று சொல்லட்டுமா, கோடு ஒட்டிக் கிடக்கிறதா விலகிக் கிடக்கிறதா என்பதெல்லாம் அப்புறம், முதலில் நம்ம ஜனத்துக்கு எந்த இடத்தைத் தொடுகிறோம் என்றே தெரியவில்லை.

குமார பர்வதத்துக்கு ஒரு ஐடி கேங். இரண்டு வண்டி, ஒன்று நான், இன்னொன்று என் சிநேகிதன். ராத்திரி 10 மணிக்கு மாரத்தஹள்ளியில் பிக்கப். என் வண்டியில் இருந்த தம்பி "குக்கே" என்று போட்டான், அடிவாரத்தில் இருக்கிற சுப்ரமண்யா கோயில் ஊர். அந்த வண்டியில் இருந்தவர்கள் மலை பேரையே போட்டிருக்கிறார்கள், அது உச்சியைக் குறி வைத்து, கார் போகக்கூடிய கிட்டத்து ரோடு எது என்று பார்த்து, மலைக்கு மறுபக்கம், சோமவார்பேட்டைப் பக்கம் பீடஹள்ளிக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறது. தப்பு என்று சொல்ல முடியாது, அங்கேயிருந்தும் ஏறலாம். ஆனால் இவர்கள் பர்மிட் எடுத்தது குக்கே பக்கத்துக்கு.

விடியற்காலை ஒரு போன். "மச்சி நாங்க வந்துட்டோம், கோயில்கிட்ட நிக்கிறோம்." இவன் சொல்கிறான், "நாங்களும் கோயில்கிட்டதான்டா நிக்கிறோம்." "கையத் தூக்கு." இவன் சுப்ரமண்யா தேர் வீதியில் நின்றுகொண்டு கையைத் தூக்குகிறான் சார்! பத்து நிமிசம் இரண்டு பேரும் இரண்டு ஊரில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் 1,712 மீட்டர் மலை. அந்த வண்டி மலையைச் சுற்றிக்கொண்டு வந்து சேருவதற்குள் வெயில் ஏறிவிட்டது, ஏறுகிற வழியில் சாப்பாடு போடுகிற கிரிகத்தே பட்டர் மனையில் மோர் சோறு தின்றுவிட்டு எல்லாரும் இறங்கிவந்துவிட்டார்கள். அந்த எக்ஸ்ட்ரா கிலோமீட்டருக்குக் காசு யார் தருவது என்று என் சிநேகிதனோடு ஒரு மணி நேரம் சண்டை. "மேப் தப்பு, நாங்க ஏன் தரணும்"னு. கடைசியில் பாதிதான் தந்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உயரக்கோடு

நான் சொன்னதும் அதைத்தானே. பெயரைப் போடாமல் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணைப் போட்டிருந்தால் இது நடந்தே இருக்காது. எண்ணை எப்படி எடுப்பது என்றால், மேப்பில் விரலை அழுத்திப் பிடித்து

மஞ்சள்போர்டு

சார் போதும் சார்.

கோடு போட்டவன்

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். எல்லாரும் மேப்பைத் திட்டுகிறீர்கள், அதை வரைகிறவனில் நானும் ஒருத்தன்.

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் 2004ல் இங்கிலாந்தில் ஆரம்பித்தது, யார் வேண்டுமானாலும் கணக்குத் திறந்து வரையலாம். நான் 5 வருடமாக வரைகிறேன், சம்பளம் கிடையாது, ஒரு பைத்தியம்தான். லாக்டவுனில் ராத்திரி முழுக்க ஆனேக்கல், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் சாட்டிலைட் படத்தை வைத்துக்கொண்டு மண்பாதைகளை வரைந்துகொண்டிருந்தேன். காட்டு ஓரத்தில் ஒரு பழுப்புக் கோடு, நேராக, சுத்தமாக, இரண்டு கிலோமீட்டருக்கு மேலே. வண்டிப்பாதை என்று போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டேன். இரண்டு நிமிட வேலை.

ஒரு வருடம் கழித்து அதே பக்கம் சைக்கிளில் போனேன். அங்கே ஒரு பையனும் பொண்ணும், கர்நாடகா நம்பர் பைக், முன் சக்கரம் பள்ளத்துக்குள். பொண்ணுக்கு முழங்கை சிராய்ந்து ரத்தம். அது பாதையே இல்லை, யானை ஊருக்குள் வராமல் இருக்க வனத்துறை வெட்டிய அகழி. மேலேயிருந்து பார்த்தால் புது மண் பழுப்பாக ரோடு மாதிரியே தெரியும். பையன் போனை நீட்டி, "அண்ணா, இதுல ரோடு காட்டுதுண்ணா, பாருங்க" என்றான். பார்த்தேன். நான் போட்ட கோடு. நான் வளைத்த அதே வளைவு.

சொல்லவில்லை. பைக்கைத் தூக்கிவிட்டேன், தண்ணீர் கொடுத்தேன், "மேப்பை நம்பாதீங்க தம்பி" என்று அறிவுரை வேறு சொன்னேன். வீட்டுக்கு வந்து அழித்து அகழி என்று மாற்றினேன். ஆனால் அதில் எதுவும் முழுசாக அழியாது, யார் எந்தத் தேதியில் வரைந்தான் என்று வரலாறு அப்படியே இருக்கும். என் பெயரும் இருக்கிறது.

ஓசூர்ரோடு ராணி

விடுங்க தம்பி, வேணும்னா செஞ்சீங்க? அந்தப் பொண்ணு நல்லா இருக்கும்.

உயரக்கோடு

இருந்தாலும் நேரில் பார்க்காமல் வரைந்தது தப்பு. படத்தைப் பார்த்து மட்டும் வரைகிறவர்களால்தான் இந்தப் பிரச்சினையே வருகிறது.

கோடு போட்டவன்

தப்புதான் சார், அதைத்தானே எழுதியிருக்கிறேன். விவேக்நகர் அண்ணா, நீங்கள் நின்ற இடத்தின் ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறதா? அந்தப் பக்கம் பாறை விளிம்பு என்று ஒரு குறி போடலாம். ஆனால் இந்தத் தடவை நேரில் பார்த்துவிட்டுத்தான் போடுவேன்.

விவேக்நகர்க்காரன்

இருக்கிறது. மச்சான் அன்றைக்கே ஸ்டேட்டஸில் போட எடுத்து வைத்திருந்தான், புள்ளிக்கோடு வரைக்கும் தெளிவாக விழுந்திருக்கிறது, அனுப்புகிறேன். வருகிற ஞாயிறு எனக்கு லீவுதான், சேர்ந்தே போகலாம். காலை 5.30க்கு மாகடி ரோடு டோல்கேட் பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிடுங்கள், என் பைக்கில் இடம் இருக்கிறது. அடிவாரத்துக் கோயில் பக்கம் கொஞ்சம் நேரம் வேண்டும், அங்கே டீக்கடையில் யாரையாவது கேட்டால் அந்தப் பெரியவரைத் தெரிந்திருக்கும். பெயர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஆட்டைத் தொலைத்தவர் என்றுதான் சொல்லிக் கேட்க வேண்டும்.