பாலைவன விடுதியில் மூன்று நாள்: எதை உடுத்துவது, எதை எடுத்துச் செல்வது?

கேள்வி (நிலாப்பயணி):
குளிர்காலத் தொடக்கத்தில், பாலைவனத்தின் நடுவே உள்ள ஓர் ஓய்வு விடுதியில் மூன்று நாள் தங்க இருக்கிறோம். ஒட்டகச் சவாரி, மணல்மேட்டில் சூரிய உதயம், நீச்சல் குளம் ஆகியவை திட்டத்தில் உள்ளன. வெயில்தானே, அரைக்கால் சட்டையும் கையில்லாத பனியனும் ஒரு ஜோடிச் செருப்பும் போதும் என்கிறார் என் கணவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆளுக்கு ஒரு சிறிய பெட்டிதான் கொண்டுபோக முடியும்.

பதில் (மணல்தடம்):
உங்கள் கணக்குதான் சரி. பாலைவனத்தில் உடலைத் திறந்து வைப்பதைவிட மூடி வைப்பதே குளிர்ச்சி. காற்று வறண்டிருப்பதால் வியர்வை சுரந்தவுடன் ஆவியாகிவிடும். வியர்க்கவே இல்லை என்று எண்ணிக்கொண்டு தண்ணீர் குடிக்க மறந்துவிடுவோம். தளர்வான, முழுக்கை வைத்த பருத்திச் சட்டையும் கணுக்கால்வரை நீளும் காற்றோட்டமான கால்சட்டையும் அணிந்தால், வெயில் தோலில் நேரடியாகப் படாது, உள்ளே காற்றும் புழங்கும். தலைக்கு மேலே மட்டும் வெயில் என்று நினைக்க வேண்டாம். உலர்ந்த மணல் தன்மேல் விழும் புற ஊதாக் கதிர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். ஆகவே அகன்ற விளிம்புத் தொப்பி போட்டிருந்தாலும் முகவாய்க்கு அடியிலும் கழுத்திலும் சன்ஸ்கிரீன் தடவுங்கள். எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 30-க்குக் குறையாததாகப் பார்த்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசுங்கள்.

பதில் (விடியல்):
எல்லோரும் வெயிலைப் பற்றியே பேசுவார்கள்; என்னை வாட்டியது குளிர். ஈரப்பதமும் மேகமும் இல்லாத வானத்தின்கீழ், பகலில் ஏறிய சூடு பொழுது சாய்ந்ததும் வேகமாக வெளியேறிவிடும். பகலுக்கும் இரவுக்கும் இடையே 15 முதல் 20 டிகிரி வேறுபாடு என்பது அங்கே சாதாரணம். சூரிய உதயம் பார்க்க நீங்கள் கிளம்பும் நேரம்தான் இருப்பதிலேயே குளிரானது. கனமான ஒரே கோட்டுக்குப் பதிலாக மெல்லிய கம்பளிச் சட்டை, அதன்மேல் காற்றுப் புகாத ஜாக்கெட் என இரண்டடுக்காக எடுத்துச் சென்றால், வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம். பகலில் வியர்வை ஊறிய பருத்திச் சட்டையோடு மாலையில் வெளியே உட்காராதீர்கள். அந்த ஈரமே நடுங்க வைக்கும்.

பதில் (ஒட்டகப்பாதை):
நண்பகல் மணல் காலைச் சுட்டுவிடும் என்பதால் செருப்பை நீச்சல் குளத்தோடு நிறுத்திக்கொண்டு, நடக்கக் கணுக்காலை மூடும் காலணி அணியுங்கள். ஒட்டகத்தின்மேல் அரைக்கால் சட்டையோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் தொடை உராய்ந்து புண்ணாகிவிடும். உங்கள் கணவருக்கு இந்த ஒரு காரணமே போதும்! கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் மூக்குக் கண்ணாடியையும் எடுத்துக்கொள்ளுங்கள், தூசி உறுத்தும். உதட்டுக் களிம்பு, முகத்தைச் சுற்ற ஒரு மெல்லிய துணி, கேமராவுக்கு ஜிப் வைத்த உறை.

நிலாப்பயணி:
மிக்க நன்றி. எங்களிடம் இருப்பவை பெரும்பாலும் அடர்நிற உடைகள். வெள்ளையில் புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டுமா?

மணல்தடம்:
தளர்வாக இருந்தால் வேண்டியதில்லை. எகிப்தின் சினாய் பாலைவனத்தில் வாழும் பெடூயின் என்னும் அரபு நாடோடி மக்கள் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்று ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1980-இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வெளிவந்தது. கறுப்புத் துணி கூடுதல் வெப்பத்தை ஈர்த்தாலும், அது தோலை எட்டுமுன் வெளியேறிவிடுவதால், வெள்ளை அங்கி அணிந்தவரும் கறுப்பு அங்கி அணிந்தவரும் பெற்ற வெப்பம் ஒன்றே என்று கண்டார்கள். உடலோடு ஒட்டிய கறுப்புப் பனியனுக்கு இது பொருந்தாது. அதை மட்டும் வீட்டில் விட்டுச் செல்லுங்கள்.