சிறுவயதில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாதா? கல்யாணத்துக்கு முன் முழுக்கு கேட்கிறார்கள்

கடலோரத்து_மெர்சி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் வீடு சி.எஸ்.ஐ., தூத்துக்குடிப் பக்கம். கைக்குழந்தையாக இருந்தபோது ஐயர் (எங்கள் சபைப் போதகர்) தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார், அப்புறம் திடப்படுத்தல் (வளர்ந்த பிறகு விசுவாசத்தை நாமே உறுதிசெய்யும் சடங்கு), கொயர், சண்டே ஸ்கூல் டீச்சர், எல்லாம் முறைப்படி நடந்தது. இப்போது பேசி முடித்திருக்கும் மாப்பிள்ளை வீடு பெந்தெகொஸ்தே. நல்ல மனிதர், எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அவர்கள் பாஸ்டர், முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தால்தான் கல்யாணத்தை நடத்தி வைப்பேன் என்கிறார். எங்கள் அப்பாவோ, "அப்படியானால் இத்தனை வருஷம் நீ இராப்போஜனம் எடுத்தது என்ன கணக்கு?" என்கிறார் (ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குத்தானே அந்த அப்பமும் ரசமும்). எனக்குத் தீர்ப்பு வேண்டாம். இரண்டு பக்கமும் என்ன ஆதாரம் வைத்திருக்கிறார்கள், அதில் எது நிற்கும் எது நிற்காது, சண்டை போடாமல் யாராவது சொல்வீர்களா?

யோர்தான்_கரை:
சிஸ்டர், இதில் குழப்பமே இல்லை. "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்" என்று மாற்கு 16:16 சொல்கிறது. முதலில் விசுவாசம், பிறகு ஞானஸ்நானம். பெந்தெகொஸ்தே நாளில் வார்த்தையை ஏற்றுக்கொண்டவர்கள்தான் ஞானஸ்நானம் பெற்றார்கள். எத்தியோப்பிய மந்திரி தடை என்ன என்று கேட்டதற்கு "நீர் முழு இருதயத்தோடும் விசுவாசித்தால் தடையில்லை" என்றான் பிலிப்பு (அப்போஸ்தலர் 8:37). கைக்குழந்தையிடம் இந்தக் கேள்வியை யார் கேட்டார்கள், அது என்ன பதில் சொன்னது? நீங்கள் முழுக்கு எடுத்தால் அது இரண்டாவது ஞானஸ்நானம் இல்லை. அதுதான் முதலாவது.

பழைய_கொயர்:
ஆரம்பித்துவிட்டார்கள். தம்பி, நீங்கள் காட்டும் வசனம் எல்லாம் முதல் தலைமுறையைப் பற்றியது, அவர்கள் யூதமதத்திலிருந்தும் மற்ற மதங்களிலிருந்தும் வந்த பெரியவர்கள். எங்கள் சபையிலும் பெரியவர் ஒருவர் புதிதாக வந்தால் விசுவாசத்தை அறிக்கையிட வைத்துத்தான் ஞானஸ்நானம் கொடுக்கிறோம். கேள்வி அடுத்த தலைமுறையைப் பற்றியது. விசுவாசிகள் வீட்டில் பிறக்கும் பிள்ளை உள்ளேயா வெளியேயா? பேதுரு அதே பிரசங்கத்தின் முடிவில் வாக்குத்தத்தம் "உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும்" என்கிறார் (அப் 2:39). லீதியாளும் அவள் வீட்டாரும், சிறைச்சாலைக்காரனும் அவனுடையவர்கள் எல்லாரும், ஸ்தேவானின் வீட்டார், இப்படி வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார்கள். ஆபிரகாம் காலத்தில் எட்டாம் நாளில் விருத்தசேதனம் பண்ணினார்களே, குழந்தையிடம் சம்மதம் கேட்டா பண்ணினார்கள்? கொலோசெயர் 2:11, 12-ல் பவுல் விருத்தசேதனத்தையும் ஞானஸ்நானத்தையும் ஒரே மூச்சில் பேசுகிறார். பழைய உடன்படிக்கையில் இடம் இருந்த பிள்ளைகளுக்குப் புதிய உடன்படிக்கையில் இடம் இல்லை என்றால் அதைச் சொல்ல ஒரு வசனமாவது வேண்டாமா?

யோர்தான்_கரை:
அண்ணாச்சி, வீட்டார் என்றால் தொட்டிலில் குழந்தை இருந்தது என்று நீங்களே போட்டுக்கொள்கிறீர்கள். சிறைச்சாலைக்காரன் கதையில் இரண்டு வசனம் முன்னும் பின்னும் படியுங்கள். வீட்டில் இருந்த அனைவருக்கும் வசனம் போதிக்கப்பட்டது (16:32), அவன் வீட்டார் அனைவரோடும் விசுவாசமுள்ளவனாகி மகிழ்ந்தான் (16:34). ஸ்தேவானின் வீட்டார் பரிசுத்தவான்களுக்கு ஊழியம் செய்யத் தங்களை ஒப்புவித்தார்கள் என்று 1 கொரிந்தியர் 16:15-ல் இருக்கிறது, பால்குடிக்கிற பிள்ளையா ஒப்புவித்தது? விருத்தசேதனமும் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும்தான். அந்தக் கணக்குப்படி போனால் மெர்சி சிஸ்டருக்கு எந்த ஞானஸ்நானமும் கிடைத்திருக்காது.

பழைய_கொயர்:
சிறைச்சாலைக்காரன் சரி. லீதியாள்? கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்தார் என்று மட்டும்தான் இருக்கிறது, வீட்டார் இருதயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஆனாலும் வீட்டாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெற்றோரில் ஒருவர் விசுவாசியாக இருந்தாலே பிள்ளைகள் பரிசுத்தமாயிருக்கிறார்கள் என்று 1 கொரிந்தியர் 7:14 சொல்கிறது.

யோர்தான்_கரை:
அதே 7:14 அவிசுவாசியான கணவனும் மனைவியால் பரிசுத்தமாகிறான் என்கிறது. அவருக்கும் கேட்காமலே தண்ணீர் ஊற்றுவீர்களா?

பழைய_கொயர்:
கணவன் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்கிற ஆள். பிள்ளை அப்படிச் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றா?

ஏடுபுரட்டி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சபைச் சரித்திரம் படிப்பது என் பைத்தியம், அதனால் இரண்டு பேருக்கும் பிடிக்காத சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

யோர்தான் தம்பிக்கு முதலில். மாற்கு 16-ன் கடைசிப் பகுதி, 9 முதல் 20 வரை, சீனாய், வத்திக்கான் என்ற மிகப் பழைய இரண்டு கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. அப்போஸ்தலர் 8:37-ம் பழைய பிரதிகளில் இல்லை, நம் தமிழ் வேதாகமத்தில் இருக்கிறது என்பது வேறு. ஆனால் இதை வைத்து கொயர் அண்ணாச்சி துள்ள வேண்டாம். அந்த 37-ம் வசனத்தின் அறிக்கை இரண்டாம் நூற்றாண்டில் இரேனேயு என்ற பிஷப்புக்கே தெரிந்திருக்கிறது, அதாவது தண்ணீருக்கு முன் அறிக்கை கேட்கும் வழக்கம் அவ்வளவு பழையது.

இனி அண்ணாச்சிக்கு. குழந்தை ஞானஸ்நானத்தைத் தெளிவாகப் பேசும் முதல் ஆசிரியர் கி.பி. 200 வாக்கில் வட ஆப்பிரிக்காவில் எழுதிய தெர்த்துல்லியன், அவரும் அதை ஆதரித்து எழுதவில்லை. குற்றமறியாத வயசு பாவமன்னிப்புக்கு ஏன் அவசரப்பட வேண்டும் என்கிறார். (மெர்சி கவனிக்க: அதே இடத்தில் கல்யாணமாகாதவர்களும் ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடட்டும், கல்யாணமான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். உங்கள் பாஸ்டர் கேட்பதற்கு நேர் எதிர்.) அவர் எதிர்க்கிறார் என்றால் யாரோ செய்துகொண்டிருந்தார்கள் என்றும் ஆகிறது. சுமார் ஐம்பது வருஷம் கழித்து அதே ஊரில், கார்த்தேஜில், அந்த ஊர் பிஷப் சிப்பிரியானும் 66 பிஷப்புகளும் கூடினார்கள். குழந்தைக்குக் கொடுக்கலாமா என்பது அங்கே கேள்வியே இல்லை. எட்டாம் நாள் வரை காத்திருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி, வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். மூன்றாம் நூற்றாண்டு வேத அறிஞர் ஒரிகேன் இது அப்போஸ்தலரிடமிருந்து வந்த வழக்கம் என்றே எழுதுகிறார்.

அப்படியானால் எல்லாரும் அப்போதிருந்து குழந்தைக்கே கொடுத்தார்களா என்றால் அதுவும் இல்லை. நாலாம் நூற்றாண்டு இறையியலாளர் கிரகோரி நசியான்சேனின் அப்பா பிஷப், மகனோ வளர்ந்த பிறகுதான் ஞானஸ்நானம் பெற்றார். அகுஸ்தீனின் அம்மா மோனிக்கா பக்தி நிறைந்தவள், ஆனாலும் அவர் ஞானஸ்நானம் பெற்றது 387-ல், மிலானில், முப்பது தாண்டிய வயதில். அரசன் கான்ஸ்டன்டைன் 337-ல் மரணப்படுக்கையில் பெற்றான். இவர்கள் தள்ளிப்போட்டதற்குக் காரணம் யோர்தான் தம்பி சொல்லும் காரணமும் இல்லை. ஞானஸ்நானம் எல்லாப் பாவத்தையும் கழுவும், அதன்பின் செய்யும் பாவத்துக்கு வழி கஷ்டம் என்ற பயத்தில்தான் பலர் கடைசிவரை காத்திருந்தார்கள். இன்றைக்கு இரண்டு பக்கமும் தங்களுடையது என்று சொந்தம் கொண்டாடும் ஆதிசபை, இரண்டு பேர் சட்டைக்கும் பொருந்தாது.

யோர்தான்_கரை:
அக்கா, சரித்திரம் நல்லது, நாங்கள் வசனத்தின்படி நடக்கிறோம், ஆதிசபைப் பிதாக்கள் படி இல்லை. சபையைச் சீர்திருத்திய மார்ட்டின் லூத்தரும் சூரிச்சின் ஸ்விங்லியும் எல்லாவற்றையும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், இந்த ஒன்றில் மட்டும் ரோமச் சபையின் வழக்கத்தை விடவில்லை. கடைசிவரை போனவர்கள், விசுவாசித்த பெரியவர்களுக்கே ஞானஸ்நானம் என்று நின்ற அனபாப்திஸ்துகள்தான். அதற்காக அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ட்ஸை 1527 ஜனவரியில் சூரிச்சில் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்தே கொன்றார்கள். கொன்றது சீர்திருத்தம் பண்ணின ஊர்!

ஏடுபுரட்டி:
அது உண்மை, வெட்கக்கேடான உண்மை. ஆனால் அந்தக் கதையின் தொடக்கத்தையும் சொல்லுங்கள். 1525 ஜனவரி 21 இரவு, மான்ட்ஸின் வீட்டில், அவர் தோழர் கான்ராட் கிரேபெல், ஜார்ஜ் பிளௌராக் என்பவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். தண்ணீரை ஊற்றித்தான் கொடுத்தார். வீட்டுக்குள் முழுக்க எங்கே போவது? அவர்கள் வழிவந்த மெனோனைட் சபைகளில் பல இன்றும் ஊற்றுகின்றன. மறுபக்கம் கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபையில் கைக்குழந்தையையே மூன்று தரம் முழுக்கி எடுக்கிறார்கள். 1662-ம் வருஷத்து ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகமே, பிள்ளை தாங்கும் என்றால் தண்ணீரில் மெதுவாக அமிழ்த்து, தாங்காது என்றால் ஊற்று என்றுதான் குருவுக்குச் சொல்கிறது. ஆகவே எவ்வளவு தண்ணீர் என்பதும் எந்த வயது என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். நம் ஊரில் இரண்டையும் "முழுக்கு" என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டோம். மெர்சியின் பாஸ்டர் தண்ணீர் போதவில்லை என்கிறாரா, வயது போதவில்லை என்கிறாரா? முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மணப்பாட்டான்:
நாங்கள் கத்தோலிக்கர், ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்களிடம் திருமுழுக்கு ஒரு தரம்தான். சி.எஸ்.ஐ. ஆள் எங்களிடம் வந்தாலும், தந்தை மகன் தூய ஆவியின் பெயரால் தண்ணீரால் கொடுத்திருந்தால் மறுபடி கொடுப்பதில்லை. இது 314-ல் பிஷப்புகள் கூடிய ஆர்ல் சங்கத்திலேயே பேசி முடித்த விஷயம். வெளிச்சபையில் பெற்றிருந்தாலும் திரித்துவப் பெயரில் பெற்றிருந்தால் மறுபடி வேண்டாம் என்றார்கள். கொடுத்தவரின் தகுதியைப் பொறுத்தோ வாங்கியவரின் உணர்ச்சியைப் பொறுத்தோ அது நிற்பதில்லை.

யோர்தான்_கரை:
எபேசுவில் பன்னிரண்டு பேர் யோவானின் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள், பவுல் அதோடு விடவில்லை, மறுபடி ஞானஸ்நானம் பெற்றார்கள் (அப் 19:5). சரியாக நடக்காதது என்றால் சரியாக நடத்துவதில் என்ன தப்பு?

பழைய_கொயர்:
அவர்கள் பரிசுத்த ஆவி உண்டென்பதையே கேள்விப்படாதவர்கள். இயேசுவின் நாமத்தில் நடக்காத ஒன்றை எடுத்துக்காட்டாகச் சொல்கிறீர்கள். மெர்சிக்கு நடந்தது பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில். எபேசியர் 4:5 "ஒரே ஞானஸ்நானம்" என்கிறது. சரி, நான் ஒன்று கேட்கிறேன். நீங்கள் குழந்தையை ஆலயத்துக்குக் கொண்டுவந்து பிரதிஷ்டை பண்ணுகிறீர்களே, அதைச் செய்யச் சொல்லிப் புதிய ஏற்பாட்டில் எங்கே கட்டளை? பிள்ளையை ஆண்டவரிடம் கொண்டுவர ஏதாவது வேண்டும் என்று உங்களுக்கும் தோன்றத்தானே செய்கிறது.

யோர்தான்_கரை:
பிரதிஷ்டையை நாங்கள் இரட்சிப்போடு சேர்ப்பதில்லை. எங்கள் வருத்தம் வேறு அண்ணாச்சி, நேராகவே சொல்கிறேன். குழந்தையில் ஊற்றிவிட்டு, பதினைந்து வயதில் வகுப்பு நடத்தித் திடப்படுத்தல் கொடுத்துவிட்டு, அதோடு கிறிஸ்தவன் ஆகிவிட்டான் என்று முழுச் சபையும் நம்புகிறது. அப்புறம் கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் புதுச்சட்டை, கல்லறைத் தோட்டத்தில் இடம், எலெக்ஷனில் ஓட்டு. மனந்திரும்புதல் என்ற பேச்சே அவன் காதில் விழுவதில்லை, விழுந்தாலும் "எனக்குத்தான் அப்பவே ஆயிற்றே" என்கிறான். இதைச் சொல்ல பெந்தெகொஸ்தேக்காரனாக இருக்க வேண்டியதில்லை. கார்ல் பார்த், சீர்திருத்த சபை இறையியலாளர், 1943-லேயே குழந்தை ஞானஸ்நானத்தை எதிர்த்துப் பேசினார். அதோனிராம் ஜட்சன் 1812-ல் அமெரிக்காவிலிருந்து குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபையின் மிஷனரியாகக் கப்பல் ஏறினார், பயணத்தில் வேதத்தை ஆராய்ந்தபடியே வந்தார், கல்கத்தாவில் இறங்கிய பிறகு முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார். சம்பளம் தரும் சங்கத்தை இழக்கிற நிலைமையிலும் பெற்றார். அவர் என்ன, கல்யாணத்துக்காகவா எடுத்தார்?

கடலோரத்து_மெர்சி:
பிரதர், கடைசி வரியை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஜட்சன் ஆராய்ந்து, நம்பி, நஷ்டப்பட்டு எடுத்தார். என்னிடம் கேட்பது தேதி குறித்தாகிவிட்டது, அதற்குள் எடு என்று. விசுவாசம் இல்லாமல் எடுப்பது செல்லாது என்பதுதானே உங்கள் வாதமே. மண்டபம் புக் பண்ணியதற்காக நான் தண்ணீரில் இறங்கினால் அது மட்டும் எப்படிச் செல்லும்? ஐயர் ஊற்றியபோதாவது எனக்குப் பொய் சொல்லத் தெரியாது.

பழைய_கொயர்:
இதைத்தான் தங்கச்சி நான் நாலு பாராவாகச் சொல்லத் தடுமாறினேன்.

யோர்தான்_கரை:
நியாயமான கேள்விதான் சிஸ்டர். நிர்ப்பந்தத்தில் எடுக்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன், எங்கள் பாஸ்டர்களில் பலரும் அப்படிச் சொல்வார்கள். கல்யாணத்தை இதோடு முடிச்சுப் போடுவது எனக்கும் ஒப்புதல் இல்லை. ஆனால் உங்கள் மனச்சாட்சியில் எடுக்க வேண்டும் என்று தோன்றினால் அப்பாவுக்காக நிறுத்தவும் கூடாது.

ஏடுபுரட்டி:
மெர்சி, 1970-ல் உருவான வட இந்தியத் திருச்சபையில், விசுவாசித்த பெரியவர்களுக்கே ஞானஸ்நானம் கொடுக்கும் பாப்திஸ்து சபையாரும் குழந்தைக்கும் கொடுக்கும் ஆங்கிலிக்கன்களும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். குழந்தை ஞானஸ்நானம், விசுவாசி ஞானஸ்நானம், இரண்டும் அங்கே செல்லும். ஒன்றைப் பொய் என்று சொல்லாமல் இரண்டு பேர் ஒரே இராப்போஜன மேசையில் உட்கார முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே இருக்கும் ஏற்பாடு அது. அந்த வீட்டாரிடம் காட்டிப் பாருங்கள். பாஸ்டர் ஒத்துக்கொள்வார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, மாப்பிள்ளை ஒத்துக்கொண்டால் போதுமே.

கடலோரத்து_மெர்சி:
நன்றி அக்கா, அவரிடம் பேசுகிறேன். யோர்தான் பிரதருக்கு ஒரு கேள்வி பாக்கி. உங்கள் சபையில் ஒருவர் பதினெட்டு வயதில் முழுக்கு எடுத்து, பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, முப்பத்தைந்தில் அழுது திரும்பி வருகிறார், அன்று எனக்கு உண்மையான விசுவாசமே இல்லை, நண்பர்களோடு சேர்ந்து எடுத்தேன் என்கிறார். மறுபடி கொடுப்பீர்களா?

யோர்தான்_கரை:
எங்கள் சபையில் கொடுப்பதில்லை. மனந்திரும்பினால் போதும் என்று ஜெபித்துச் சேர்த்துக்கொள்வோம். சில சபைகளில் கொடுப்பதும் உண்டு.

கடலோரத்து_மெர்சி:
ஏன் கொடுப்பதில்லை? அன்று விசுவாசம் இல்லை என்று அவரே சொல்கிறாரே.

யோர்தான்_கரை:
அவர் தவறினாலும் கர்த்தர் உண்மையுள்ளவர், அன்று அவர் நாமத்தில் நடந்தது நடந்ததுதான்.

பழைய_கொயர்:
தம்பி, இதையே கொஞ்சம் மெர்சியின் பாஸ்டருக்கும் போன் போட்டுச் சொல்லுங்கள்.

யோர்தான்_கரை:
அண்ணாச்சி அவசரப்படாதீர்கள், பதினெட்டு வயதுக்காரன் வாயால் அறிக்கை பண்ணினான், கைக்குழந்தை பண்ணவில்லை, அந்த வித்தியாசம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் சிஸ்டர் கேள்வி இலேசானது இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து எங்கள் பாஸ்டரிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.