ரயில் தாமதத்துக்குப் பள்ளியில் டிடென்ஷன்: மாற்று ஏற்பாடு பெற்றவர்கள் உண்டா?

11 பிளஸ் என்னும் நுழைவுத் தேர்வில் தேறி, இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள ஓர் ஆண்கள் கிராமர் பள்ளியில் (தேர்வின் வழியே மாணவர்களைச் சேர்க்கும் அரசுப் பள்ளி) கடந்த செப்டம்பரில் 7ஆம் ஆண்டு சேர்ந்த என் மகன், ரயில் தாமதத்தால் காலை 8.40 மணி வருகைப் பதிவை அடிக்கடி தவறவிடுகிறான். ஒரு தவணையில் மூன்று முறை தாமதமானால், பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேர டிடென்ஷன், அதாவது பள்ளியிலேயே நிறுத்திவைக்கும் தண்டனை. அதன்பின் அடுத்த ரயிலைப் பிடித்து, பதினொரு வயதுப் பையன் குளிர்கால இருட்டில் தனியாக வீடு சேர மாலை 6.30 ஆகிவிடுகிறது.

தன் ஹவுஸின் (பள்ளிக்குள் மாணவர்களைப் பிரிக்கும் அணி) நிற டை, சட்டையின் மேல் பொத்தான், ஆசிரியர் நுழைந்தால் எழுந்து நிற்பது, அனுமதியின்றிப் பிளேசரைக் கழற்றாதிருப்பது என மற்ற விதிகளை அவன் விரும்பியே கடைப்பிடிக்கிறான். வாசலில் டை முடிச்சைச் சரிபார்க்கும் பிரிஃபெக்ட் (மாணவத் தலைவர்) அண்ணன்கள்மீது அவனுக்குத் தனி மரியாதைகூட உண்டு.

இரண்டு வாரம் 6.52 ரயிலில் அனுப்பிப் பார்த்தோம். இணைப்பு ரயில் தாமதமானதால் பயனில்லை. வகுப்பாசிரியரிடம் பேசினேன். தாமதச் சான்றுகளை இணைத்து, 7ஆம் ஆண்டுப் பொறுப்பாசிரியருக்கு இருமுறை மின்னஞ்சல் அனுப்பியும், விதி எல்லோருக்கும் பொது என்ற பதிலே வந்தது. டிடென்ஷனுக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவையில்லை என்பதும், 2011 கல்விச் சட்டத்துக்குப் பின் 24 மணி நேர முன்னறிவிப்பும் கட்டாயமில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே தண்டனையை நீக்கும்படி நான் கேட்கவில்லை. மதிய இடைவேளைக்கு மாற்றும்படியே கேட்கிறேன்.

நிர்வாகக் குழுவிடம் முறையான புகார் அளிக்கும் நிலைக்குப் போகாமல், தலைமையாசிரியரிடமே பேசி இத்தகைய மாற்றத்தைப் பெற்றவர் உங்களில் யாரேனும் உண்டா?