வக்கீல் மேல் புகார் கொடுக்கப் போய், என் ரகசியத்தை நானே ஜெராக்ஸ் எடுத்த கதை

மதுரைக்காரன்:
பாகப்பிரிவினை வழக்கு. எதிர்த்தரப்பு என் சொந்த அண்ணன். எந்தத் தொகை வரை இறங்கி வருவேன் என்பதை என் வக்கீலிடம் மட்டும் சொல்லியிருந்தேன். சமரச மையத்தில் உட்கார்ந்ததும் அண்ணன் வாயில் அதே தொகை. ஆயிரம் ரூபாய்கூடப் பிசகவில்லை.

வக்கீலை மாற்றப் போனேன். பாக்கி ஃபீஸ் கொடுத்தால்தான் கேஸ் கட்டு என்றார் குமாஸ்தா. (அப்படிக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமையில்லை என்று 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். புது வக்கீல் சொல்லித்தான் தெரியும்.)

அன்று ராத்திரியே மாநில பார் கவுன்சிலுக்கு (வக்கீல்கள் மேல் நடவடிக்கை எடுக்கும் அமைப்பு) புகார் எழுதினேன். வழக்கறிஞர்கள் சட்டம் 1961, பிரிவு 35, அதாவது வக்கீலின் தொழில் தவறுக்கான பிரிவு. ஆத்திரத்தில் வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் பிரிண்ட் எடுத்து இணைத்துவிட்டேன். வழக்கில் என் பக்கம் எங்கே ஓட்டை, அப்பா கையெழுத்து பற்றி எனக்கிருந்த சந்தேகம், வங்கிக் கணக்கு எண், தங்கச்சியின் விவாகரத்து, எல்லாம் அதில் இருந்தன. புது வக்கீல் அதைப் படித்துவிட்டுக் கேட்டார்: “இது அந்த வக்கீல் கைக்குப் போகும். ஏற்கெனவே உங்க அண்ணனிடம் பேசுகிறார்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம்?”

கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் வக்கீல் வெளியிடக் கூடாது. பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 126, 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சியச் சட்டத்தில் 132. வக்காலத்து முடிந்த பிறகும் அந்தப் பூட்டு இருக்கிறது. ஆனால் சாவியை நானே கொடுத்துவிட்டேனே! புகாருக்குப் பழைய வக்கீல் கொடுத்த பதிலில் என் பழைய கடன் விவகாரம் வேறு வந்திருந்தது. புகாருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். தொகை பற்றிய நாலு வரியை மட்டும் இணைத்து, மற்றதைக் கறுப்பு மையால் அடித்திருக்கலாம்.

திருச்சி அக்கா:
தம்பி, எனக்கு வேறு மாதிரி. புகார் கொடுத்த பிறகு வக்கீலே என் வீட்டுக்கு வந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், ‘வாபஸ்’ என்று எழுதிக் கொடுத்தேன். அதோடு முடியவில்லை. வாபஸ், சமரசம் என்பதற்காக மட்டும் புகாரைக் கைவிடக் கூடாது என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் மூன்று பேர் முன் நின்று திரும்பவும் எல்லாம் சொன்னேன். ஒரு வருஷத்தில் முடியாவிட்டால் இந்திய பார் கவுன்சிலுக்கு மாற்றிவிடுவார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

சேலம் வாசகன்:
நான் புகாரை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நாலு பேருக்குத் தெரியட்டுமே என்றுதான். பத்தாவது நாள் மானநஷ்ட நோட்டீஸ் வந்தது. என் புகாருக்கு அவர் பதில் எழுதுவதற்குள் அவர் நோட்டீஸுக்கு நான் பதில் எழுத வேண்டியதாயிற்று. அதற்கு ஒரு வக்கீல், அவருக்கு ஒரு ஃபீஸ்.